ஆறடித் தொட்டி, ஒரு திங்கட்கிழமை

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி எழுதுவதற்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன வாரம் இரண்டு தடவை போன் செய்தேன். உங்கள் தங்கை எடுத்து, "அவ பேச மாட்டா. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. வாயால சொன்னா நாளைக்கு இல்லேன்னுடுவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். வேலைப் பதிவேட்டில் இருந்து முகவரியை எடுத்தேன், கோபிக்க வேண்டாம்.

விஷயம் தொட்டியைப் பற்றியது. போன ஏப்ரலில் அந்தத் திங்கட்கிழமை மீன்கள் இறந்து, டாக்டர் உங்களை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, நம் பல் மருத்துவமனை ஹாலில் இருக்கும் ஆறடித் தொட்டியை ஒரு மாதம் அப்படியே போட்டு வைத்திருந்தேன். பிறகு முதலில் இருந்து அமைத்தேன். பழைய முறைதான். அடியில் தோட்டத்து மண், மேலே பொடி மணல், நெருக்கமாகச் செடிகள், கொஞ்சமாக மீன்கள். மிஷின் கிடையாது, மருந்து கிடையாது. செடியே தண்ணீரைச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். முன்பு நான்கு வருடம் அப்படித்தானே ஓடியது! பல்வலியோடு வருகிறவர்கள் வலியை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்களே.

இப்போது ஓட மாட்டேன் என்கிறது. கண்ணாடி பூராவும் பாசி. இலைகளில் தலைமுடி மாதிரி தொங்குகிறது. சுரண்டி எடுத்தால் மூன்றாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிதாக வந்திருக்கும் அம்மா தரையை நன்றாகத் துடைக்கிறார். தொட்டிப் பக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறார்.

நீங்கள் காலையில் வந்ததும் தொட்டிக்கு ஏதோ செய்வீர்கள் என்று ஞாபகம். என்ன செய்வீர்கள்? நடந்தது நடந்துவிட்டது. அந்த மனஸ்தாபத்தைப் பாராட்டாமல் இரண்டு வரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வரவேற்பு மேசைத் தம்பி


பிப்ரவரி 17

சார்,

ஆறு வருஷம் உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். இப்போது சார் என்று எழுதுகிறேன், பழகிக்கொள்ளுங்கள்.

பாசிக்கு வழி கேட்க ஊரில் வேறு ஆளே இல்லையா? பினாயில் ஊற்றி மீனைக் கொன்றவளிடம் வந்து மீன் தொட்டிக்கு யோசனை கேட்கிறீர்கள். படித்துவிட்டு என் தங்கச்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்கிறேன், வாயில்லா ஜீவன்கள் என்ன பாவம் செய்தன. மத்தியானம் ஒன்றில் இருந்து மூன்று வரை ஆஸ்பத்திரி மூடியிருக்கும். நீங்கள் சாப்பிடப் போவீர்கள். நான் எல்லா விளக்கையும் அணைப்பேன். தொட்டி விளக்கையும் சேர்த்துத்தான். மூன்று மணிக்குத் திரும்பப் போடுவேன். நாள் பூரா வெளிச்சம் அடித்தால் நமக்கே தலை வலிக்கிறது, அதுகளுக்கு வலிக்காதா என்று நானாகச் செய்தது. அந்த இரண்டு மணி நேரம் அணைக்காத நாளில் எல்லாம் மறுநாள் கண்ணாடி பச்சையாக இருக்கும், கவனித்திருக்கிறேன். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான், வற்றிக் குறைந்திருக்கிற அளவுக்கு ஊற்றுவேன். மஞ்சளான இலையைக் கிள்ளி எடுப்பேன். அவ்வளவுதான். வருகிறவர்களிடம் எல்லாம் "இது இயற்கையாவே சமநிலையில இருக்கு" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வீர்களே, அப்போது நான் பின்னால் நின்று துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது என் விஷயம். கைக்குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலைக்குக் கேட்டிருந்தேன். வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளையை விட்டுப் போகிற இடம். பால் பாட்டில் கழுவ, துணி மாற்ற ஆள் வேண்டுமாம். வார்டனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்றார், சொன்னேன். ஜனவரி 28-ம் தேதி உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "மீன் தொட்டியில பினாயில் கலந்துட்டீங்களாமே? இங்க இருக்கிறதெல்லாம் பச்சப் புள்ளைங்கம்மா" என்றார். நான் வாயடைத்துப்போய் நின்றேன்.

அங்கே போனை எடுப்பது யார்? வரவேற்பு மேசையில் இருக்கிறவர்தானே. ஜனவரி 28-ல் போன் வருகிறது, பிப்ரவரி 9-ல் உங்களுக்குப் பாசி ஞாபகம் வருகிறது. நான் எட்டாவதுதான் படித்தேன், கூட்டல் கழித்தல் தெரியும்.

தரை துடைத்தவள்


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மத்தியானம் விளக்கை அணைக்க ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. பாசி குறைந்திருக்கிறது. நான்கு வருடமாக என் சாமர்த்தியத்தால் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

போனை எடுத்தது நான்தான். ஆனால் பேசியது டாக்டர். "அந்தத் தரை துடைக்கிற அம்மாவைப் பத்தி விசாரிக்கிறாங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அவர் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு முழுதாகக் கேட்கவில்லை.

பாசி எனக்கு ஒரு சாக்குதான். நீங்கள் சரியாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தப் போனுக்குப் பிறகு மனசு சரியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பினாயில்தான் காரணம் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இப்படி மண் போட்ட தொட்டிகளில் சில சமயம் அடி மண்ணுக்குள் வாயு சேர்ந்துகொள்ளும். அது வெளியே வந்தால் மீன்களுக்கு மூச்சு முட்டும். அன்றைக்கு அப்படியும் நடந்திருக்க வாய்ப்பு உண்டு. வேண்டுமானால், "இறப்புக்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லை, இயற்கையாகவும் நேர்ந்திருக்கலாம்" என்று என் கைப்பட எழுதி அந்த வார்டனுக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு அது போதுமா?

தம்பி


மார்ச் 3

சார்,

நன்றாக மழுப்புகிறீர்கள். "வாய்ப்பு உண்டு", "நேர்ந்திருக்கலாம்". இப்படி எழுதினால் வார்டனுக்கு என்ன புரியும்? இவளாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று புரியும். அப்படிப்பட்டவளிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று நீங்கள் என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது கேளுங்கள். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். ஹால் பூரா அழுகின முட்டை நாற்றம். கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, நாற்றம் போகட்டும் என்று பினாயிலைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றித் துடைத்தேன். முதலில் வந்தது நாற்றம், அப்புறம்தான் பினாயில். துடைத்துக்கொண்டே தொட்டிக்கிட்டே வந்தால், மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. பாதி மிதக்கிறது. துடைத்த கையோடு, கழுவக்கூடத் தோன்றாமல், முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன். சனிக்கிழமை பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பதினொன்று பிழைத்தது. டாக்டர் வந்தபோது என் கை தொட்டிக்குள்ளே, பினாயில் பக்கெட் காலடியில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் பதினோரு மாதமாக என்னைத் தின்கிறது. அந்தக் கழுவாத கை இல்லாவிட்டால் இன்னும் நாலு பிழைத்திருக்குமோ? என் தங்கச்சிக்கு அக்டோபரில் பிள்ளை பிறந்தது. இந்த வீட்டில் நான் எல்லா வேலையும் செய்கிறேன், அந்தப் பிள்ளைக்குப் பால் மட்டும் கலக்க மாட்டேன். பாட்டிலைத் தொட்டால் கை நடுங்குகிறது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு மோந்து பார்ப்பேன். தங்கச்சிக்கு இது தெரியாது, எனக்குப் பிள்ளை என்றால் சலிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டில் கழுவுகிற வேலைக்கே போய்க் கேட்டேனே, அது எதற்காக? என்றைக்காவது இந்த நடுக்கம் போகாதா என்றுதான்.

ஒரு கேள்வி கேட்கிறேன். தொட்டி நடுவில் பெரிய வாள் இலைச் செடி ஒன்று நின்றதே, என் கை அகலத்துக்கு இலை விட்டுக்கொண்டு, அன்றைக்கு அந்த இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. சனிக்கிழமை நான் பார்த்தபோது செடி இருந்தது. எங்கே போனது?

மண்ணுக்குள் இருக்கிற வாயு தானாக எழுந்து வருமா, யாராவது கிளறினால் வருமா? நான் கொன்றேனா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள். வார்டன் இருபதாம் தேதி வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் வேறு ஆள் வைத்துவிடுவார்.


மார்ச் 7

அக்காவுக்கு,

நீங்கள் கொல்லவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இல்லையென்றால் திரும்பவும் சுற்றி வளைப்பேன்.

நான் கொன்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. செடித் தொட்டிகளைப் படம் பிடித்து மாத இதழில் போடுகிற ஒருவர் திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. என் பெயரோடு முழுப் பக்கம். இதை நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை, வந்த பிறகு எல்லோரையும் அசத்தலாம் என்று ஆசை. அந்த வாள் இலைச் செடி வளர்ந்து வளர்ந்து நடுவில் மறைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இருக்கிற மரக்கட்டை, சின்னச் செடிகள் எதுவுமே தெரியவில்லை. அதை எடுத்துவிட்டால் படம் நன்றாக வரும் என்று தோன்றியது.

நான்கு வருடம் நின்ற செடி அது. வேர் தொட்டியின் ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை ஓடியிருக்கும். அதைப் பிடுங்கவே கூடாது, அடியில் கத்தரியால் வெட்டி, வேரை மண்ணிலேயே மக்க விட வேண்டும். தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் இரண்டாவது வரி இதுதான். எழுதி ஒட்டியது நான். வெட்டினால் அடிக்கட்டை படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று இரண்டு கையையும் விட்டுப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று, உலுக்கி உலுக்கி இழுத்தேன். வந்தது. அதோடு அடி மண் பிளந்து, கறுப்பாகப் புகைந்து, குமிழ் குமிழாகக் கிளம்பியது. உங்கள் அழுகின முட்டை நாற்றம் அதுதான்.

இதோடு நிறுத்திவிட்டால் தெரியாமல் செய்த தப்பு என்று ஆகிவிடும். அப்படி இல்லை, அக்கா. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். மீன்கள் மேலே வர ஆரம்பித்ததைப் பார்த்தேன். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அலமாரியில் கிடக்கிற காற்றுப் பம்பை எடுத்துப் போட்டால் பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை மாற்றினால் கலங்கிவிடும். தெளிய இரண்டு நாள் ஆகும், படம் போய்விடும். தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மணலைக் கையால் சமன் செய்து, செடியை ஈரத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அது என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டப்பில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மாடிக்குத் துணி காயப்போடக்கூட மனைவியைத்தான் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நான் எட்டு மணிக்கு வந்தேன். டாக்டர் ஹாலில் நின்று உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ சொல்லுப்பா. பினாயில் இதைச் செய்யுமா?" என்று கேட்டார். நான், "செய்யலாம் டாக்டர். ஒரு சொட்டே போதும்" என்றேன். பொய் இல்லை பாருங்கள். பினாயில் பட்டால் மீன் செத்துத்தான் போகும். பொய் சொல்லாமலே உங்களை மாட்டிவிட்டேன். அதன் பிறகு நீங்கள் என்னவோ சொன்னீர்கள், எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

ஆறு வருடம் உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்தவன் நான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மேசையில் கஷாயம் வைத்துவிட்டுப் போனது நீங்கள். இந்தக் கடிதத்தில் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுத எனக்கு முகம் இல்லை.

பதினொன்று பிழைத்தது உங்கள் பக்கெட் தண்ணீரால். உங்கள் கையால்தான். தயவுசெய்து குழந்தைக்குப் பால் கலந்து கொடுங்கள்.


மார்ச் 11

சார் என்று எழுதக் கை வரவில்லை. தம்பி என்று எழுதவும் வரவில்லை. அதனால் ஒன்றும் எழுதாமல் ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம் தங்கச்சியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், நான் ஏதாவது எனக்குத் தோதாகப் படித்துக்கொண்டேனோ என்று சந்தேகம். அவள் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் திட்டியதை எழுதினால் தபால்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வர மாட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கலந்தேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் கலந்தேன். பிள்ளை குடித்துவிட்டு என் தோளில் ஏப்பம் விட்டது. நான் அழுதேன், அதில் உங்களுக்கு ஒரு பங்கும் கிடையாது.

எனக்கு எழுதியது போதாது. நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அறைக்குள்ளே போய்க் காதோடு காதாகச் சொல்லக் கூடாது. அன்றைக்கு டோக்கனுக்காக ஹாலில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் முன்னால்தான் என்னைக் கேட்டார்கள். அதே ஹாலில், ஆட்கள் இருக்கும்போது, அதே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அப்புறம் வார்டனிடம் போய்ச் சொல்லுங்கள். இருபதாம் தேதிக்குள்.


மார்ச் 14

அக்காவுக்கு,

நேற்று ஹாலில் ஒன்பது பேர் இருந்தார்கள். காலை எட்டே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். நான் எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "என்னப்பா?" என்றார். "ஒண்ணும் இல்ல டாக்டர், அடுத்த ஆளை அனுப்பவா?" என்றேன்.

மத்தியானம் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் கூடாது என்று சொன்ன அதே மாதிரி, காதோடு காதாக. முழுதும் கேட்டுவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "விடுப்பா, பழைய கதை. இப்போ போய் நான் சொன்னது தப்புன்னு அந்தக் காப்பகத்துக்குப் போன் பண்ணா எனக்கு அசிங்கம் இல்லையா? வேற வேலை கிடைக்கும் அவங்களுக்கு" என்றார்.

எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது, அக்கா. அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். சொல்லிவிட்டோம், இனி அவர் பாடு என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.


மார்ச் 17

தேதி பதினேழு ஆகிவிட்டது. உங்கள் அருவருப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?


மார்ச் 19

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை எட்டு மணித் தபாலில் ஆஸ்பத்திரிக்கே வந்தது. மேசையில் வைத்துப் பிரித்தேன். ஒரே வரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யோசித்திருந்தால் திரும்ப உட்கார்ந்திருப்பேன்.

ஆறு பேர் இருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒருவர், பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, மற்றவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "போன வருஷம் இந்தத் தொட்டியில மீனெல்லாம் செத்துது. இங்க தரை துடைச்ச அக்கா பினாயில் கலந்துட்டாங்கன்னு சொல்லி வேலைய விட்டு அனுப்பினாங்க. அவங்க செய்யல. நான்தான் செடியப் பிடுங்கி அடி மண்ணக் கிளறிக் கொன்னேன். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன்" என்றேன்.

பெரிதாக ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கன்னம் வீங்கியவர் வாயைத் திறக்க முடியாமல், "ழெண்டாம் நம்பர் எப்ப?" என்று கேட்டார். அந்த அம்மா மட்டும், "பாவம், அந்தக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்றார். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். முப்பத்து நாலு வயசு ஆள், ஆறு பேர் முன்னால்.

டாக்டர் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. "உள்ள வா" என்றார். நான் போகவில்லை. "அனுமதி கொடுங்க டாக்டர், காப்பகத்துக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். அவர் கொடுத்தாரா என்று தெரியவில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

வார்டனிடம் எல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் நின்று பார்த்தது, படம், "செய்யலாம் டாக்டர்" என்றது வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அந்தம்மா என் முன்னாடி நின்னு 'நான் செய்யல'ன்னு ஒரு வார்த்தகூடச் சொல்லலையே. ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் ஏன் என்று. நீங்களே நம்பிவிட்டீர்கள், நம்ப வைத்தது நான். அதையும் சொன்னேன். நாளைக் காலை உங்களுக்கு அவரே போன் செய்வார்.

சாயங்காலம் போகும்போது டாக்டர், "வேலையில இரு. தொட்டியைக் காலி பண்ணிடு. எனக்கு அதைப் பார்க்க வேண்டாம்" என்றார். மீன்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டியைக் கழுவும்போது அழுகை வரவில்லை.


ஏப்ரல் 4

இருபத்து மூன்றாம் தேதியில் இருந்து வேலைக்குப் போகிறேன். பதினாலு பிள்ளைகள், நாற்பது பாட்டில். முதல் நாள் வார்டன் என் பக்கத்தில் வந்து நிற்பார் என்று நினைத்தேன், வரவில்லை. பாட்டில்களை என்னிடம் விட்டுவிட்டு அவர் கணக்கு எழுதப் போய்விட்டார். அந்தச் சமையலறையில் தனியாக நின்றபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டீர்கள். டாக்டரும் போன வாரம் ஆள் அனுப்பினார், பழைய வேலைக்கு வருகிறாயா என்று. வர முடியாது என்றேன்.

ஒன்று மட்டும் பாக்கி. உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் தேடிப் பார்த்தேன், அன்றைக்கு நீங்கள் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. மார்ச் 7-ம் தேதிக் கடிதத்தில், அதற்குப் பிறகு நான் என்னவோ சொன்னேன், உங்கள் காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது விழுந்தது. நான் என்ன சொன்னேன் என்று எழுதுகிறேன்.

முதலில் டாக்டரைக் கும்பிட்டேன். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பினேன். உங்களுக்கு அந்த மீன்கள் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும், அதனால் உங்களிடம்தான் எனக்குக் கூடுதலாகக் கூசியது. ஏழு பேர் முன்னால், ஈரக் கையோடு, "உன் மீனையெல்லாம் கொன்னுட்டேன் தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லக்கா" என்று சொன்னீர்கள்.

பதினோரு மாதம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் துரத்தினாலும் தம்பி மன்னித்துவிட்டானே என்று. உங்கள்மேல் நன்றியாக இருந்தேன், தெரியுமா?

சொன்னீர்களா இல்லையா?


ஏப்ரல் 10

அக்கா,

சொன்னேன்.

காதில் விழவில்லை என்று எழுதியது பொய். அந்தக் கடிதத்தை எழுதும்போது அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து அந்தப் பொய்யை எழுதினேன். செய்ததை எல்லாம் எழுத முடிந்தது. உங்களை மன்னித்ததை எழுத முடியவில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. இனி உங்களுக்குக் கடிதம் போட்டுத் தொந்தரவு தர மாட்டேன்.

என் வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் "பரவாயில்லை"யைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேட்டாக வருகிறவர்கள், சீட்டைத் தொலைத்தவர்கள், பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது என்று நிற்கிறவர்கள், எல்லோரும் என் மேசைக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். உங்கள் கடிதம் வந்ததில் இருந்து அது வாய் வரைக்கும் வருகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு பெரியவர் டோக்கனை வீட்டில் மறந்துவிட்டு வந்து, "மன்னிச்சுக்க தம்பி" என்றார். நான் பேசாமல் வேறு டோக்கன் எழுதிக் கொடுத்தேன். "என்னப்பா, கோவமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். நான் குனிந்துகொண்டேன்.